எந்தப் பயணம் என்று எழுதினீர்கள்?

கிரிவலப் பாதையில், மலைக்கு மேற்கே உள்ள அடி அண்ணாமலையில் என் வீடு. அரசுப் பள்ளியில் ஆங்கிலம் கற்பித்து ஓய்வுபெற்றவன் என்பதால், ஊரில் யாருக்கு ஆங்கிலத்தில் விண்ணப்பம் எழுத வேண்டியிருந்தாலும் காகிதம் என் திண்ணைக்கு வந்துவிடும். சென்ற ஆண்டு அப்படி வந்த ஒன்று, எழுத வேண்டிய விண்ணப்பம் அல்ல. எழுதி, மறுக்கப்பட்டுத் திரும்பி வந்த விண்ணப்பம்.

கொண்டு வந்தவர் பக்கத்துத் தெருக்காரர். அவருடைய மகன் சென்னையில் ஒரு நிறுவனத்தில் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் பணியில் இருக்கிறார். பௌர்ணமிக்கு ஊருக்கு வந்திருந்தவரை, திங்கட்கிழமை சென்னைக்குத் திரும்ப வேண்டாம், நேரே இராணிப்பேட்டையில் உள்ள ஓர் ஆலைக்குச் சென்று இயந்திரத்தைப் பார்த்துவிட்டு வரும்படி மேலாளர் மின்னஞ்சலில் பணித்திருக்கிறார். விடியற்காலையில் இருசக்கர வாகனத்தில் புறப்பட்டவர் ஆரணி அருகே விபத்தில் சிக்கினார். கால் எலும்பு முறிந்தது. நிறுவனம் தன் ஊழியர்களுக்கு எடுத்திருந்த விபத்துக் காப்பீடு, பணியின்போது நேரும் விபத்துக்கு மட்டுமே உரியது. கோரிக்கைப் படிவத்தில் பயணத்தின் தன்மை என்ன என்று கேட்கும் கட்டத்தில் அந்த இளைஞர் எழுதியிருந்தது: 'டிராவல் ஃப்ரம் நேட்டிவ்'. ஊரிலிருந்து வந்துகொண்டிருந்தேன் என்று பொருள்பட எழுதியிருக்கிறார். அது உண்மையும்கூட. படிவம் 'பர்சனல் டிராவல்' என்ற குறிப்போடு, சொந்தப் பயணம் என்று தள்ளுபடியாகித் திரும்பிவிட்டது.

"ரெண்டு வார்த்தைக்கா சார் இத்தனை செலவு?" என்று கேட்டார் அந்தத் தந்தை. மருத்துவமனை ரசீதுகள் அவர் கையில் ஒரு கட்டாக இருந்தன.

அவர் கேட்டதற்கு நேரான விடை, "ஆம்" என்பதுதான். வேலைக்காகச் செல்லும் பயணத்தைக் குறிக்க ஆங்கிலத்தில் பல சொற்கள் உள்ளன. அவற்றை நடை அழகுக்காக மாற்றி மாற்றிப் பயன்படுத்தும் ஒருபொருட் பன்மொழி என்றே பள்ளியில் நாங்கள் கற்பித்தோம். அலுவலகமும் காப்பீட்டு நிறுவனமும் குடியேற்ற அதிகாரியும் அவற்றை அப்படிப் படிப்பதில்லை. ஒவ்வொரு சொல்லும் செலவு யாருடையது, பொறுப்பு யாருடையது, எப்போது திரும்புவது என்பதற்கான வாக்குமூலமாக அவர்களுக்குத் தெரிகிறது.

தமிழ் கேட்கும் கேள்வி

இச்சொற்களில் நாம் தடுமாறுவதற்குக் காரணம் ஆங்கில அறிவுக் குறைவு மட்டுமன்று. பயணத்தைப் பகுத்துப் பார்க்கும் முறையே இரு மொழிகளிலும் வேறுவேறு. தமிழ் அகப்பொருள் இலக்கணம் தலைவன் வீட்டைவிட்டுச் செல்வதை நோக்கத்தால் பிரித்தது: கல்விக்காகச் செல்வது ஓதற்பிரிவு, அரசனின் தூதாகச் செல்வது தூதிற்பிரிவு, போருக்குச் செல்வது பகைவயிற்பிரிவு, பொருளீட்டச் செல்வது பொருள்வயிற்பிரிவு. எத்தனை நாள், எந்த வழி என்பனவற்றைவிட எதற்காக என்பதே பெயரைத் தீர்மானித்தது. இன்றைய பேச்சிலும் அப்படித்தான். 'வேலையாக வெளியூர் போயிருக்கிறார்' என்றால் நமக்குப் போதும். அது ஒரு நாளா, ஒரு மாதமா, மாற்றலா என்பதைச் சூழலே சொல்லிவிடும்.

ஆங்கிலம் அந்தப் பொறுப்பைச் சூழலிடம் விடுவதில்லை; சொல்லிடம் ஒப்படைக்கிறது. போய்த் திரும்பும் முழுமைக்கு ஒரு சொல், வழிக்கு மட்டும் ஒரு சொல், பல ஊர் சுற்றுவதற்கு ஒரு சொல், வழக்கமாகச் சென்று வருவதற்கு ஒரு சொல். நாமோ எல்லாவற்றையும் 'பயணம்' என்று நினைத்து, அகராதியில் முதலில் கண்ணில் படும் 'டிராவல்' என்பதை எழுதிவிடுகிறோம்.

டிராவல், ஜர்னி, டிரிப்

'டிராவல்' என்பது பயணம் செய்தல் என்னும் செயலின் பொதுப்பெயர். எண்ணிக்கைக்கு உட்படாதது. 'நாளைக்கு எனக்கு ஒரு டிராவல் இருக்கிறது' என்ற வாக்கியத்தை அப்படியே ஆங்கிலமாக்கினால் அது பிழை. வினைச்சொல்லாக்கி, 'ஐ ஆம் டிராவலிங் டுமாரோ' என்பதே சரி. பன்மையில் வரும் 'டிராவல்ஸ்' ஆங்கிலத்தில் நெடுநாள் அலைந்து திரிந்த அனுபவங்களைக் குறிக்கும். வழியனுப்பும்போது 'சேஃப் டிராவல்ஸ்' என்று வாழ்த்தவும் பயன்படும். நம் ஊரிலோ 'டிராவல்ஸ்' என்றால் வேன் வாடகைக்கு விடும் கடை. ஆங்கிலச் சொல்லின் வேரில் உழைப்பும் துன்பமும் இருக்கின்றன. கடும் உழைப்பைக் குறிக்கும் 'டிரவேல்' என்ற பழஞ்சொல்லோடு பிறந்தது அது. அதன் மூலம், மூன்று கழிகளால் ஆன ஒரு வதைக்கருவியின் இலத்தீன் பெயர் என்று சொல்லாய்வாளர்கள் கூறுவர். அதிகாலைப் பேருந்தில் நின்றுகொண்டே சென்னை போகிறவர்கள் இதை எளிதில் ஒப்புக்கொள்வார்கள்.

'ஜர்னி' பிரெஞ்சு மொழியில் ஒரு நாள் என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது. ஒரு நாளில் நடக்கும் தொலைவு, ஒரு நாள் வேலை என்பவை அதன் தொடக்கப் பொருள்கள். இன்று அது வழியை, ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குச் சென்று சேர்வதைக் குறிக்கிறது. ரயில் முன்பதிவில் 'டேட் ஆஃப் ஜர்னி' என்று கேட்பது புறப்படும் நாளைத்தான். திரும்பி வருவது வேறொரு 'ஜர்னி'. அதற்குத் தனிச் சீட்டு. பயணப்படிப் பட்டியலில் போவதையும் வருவதையும் தனித்தனி வரிகளில் எழுதச் சொல்வதும் இதனால்தான்.

'டிரிப்' அப்படியன்று. போவது, தங்குவது, வேலையை முடிப்பது, திரும்புவது ஆகிய நான்கும் சேர்ந்தது ஒரு 'டிரிப்'. கோயிலுக்கும் பேருந்து நிலையத்துக்கும் இடையே ஓடும் ஆட்டோ ஓட்டுநர்கள் 'இன்றைக்கு எத்தனை டிரிப்' என்று எண்ணுகிறார்களே, அந்த எண்ணும் தன்மைதான் இச்சொல்லின் சிறப்பு. வேலைக்காகச் சில நாள் சென்று திரும்புவதைத் தனியார் நிறுவனத்திடமோ அயல்நாட்டவரிடமோ சொல்ல, குழப்பமே தராத சொற்றொடர் 'பிசினஸ் டிரிப்'. 'பிசினஸ்' என்றதும் சொந்த வியாபாரம் என்று நினைக்க வேண்டியதில்லை. மாதச் சம்பளக்காரர் நிறுவனத்துக்காகச் செல்வதும் அதில் அடங்கும். அரசுத் துறையினர் 'அஃபிஷியல் டிரிப்' எனலாம். இரண்டிலும் முதலில் நிற்கும் சொல்தான் பணத்துக்கும் பொறுப்புக்கும் ஆதாரம். அது இல்லாத வெறும் 'டிரிப்' உல்லாசப் பயணமாகவே படிக்கப்படும்.

'டூர்' என்னும் இருமுகச் சொல்

நம் அரசு அலுவலகங்களில் 'டூர்' என்றால் வேலை. வீடுகளில் 'டூர்' என்றால் ஊட்டி, கொடைக்கானல். சுழல்வது, திரும்புவது என்னும் பொருளுடைய வேரிலிருந்து வந்த சொல் இது. புறப்பட்ட இடத்துக்கே பல இடங்களைச் சுற்றித் திரும்புவதுதான் அதன் பொருள். கிரிவலப் பாதையில் வாழ்கிறவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. 14 கிலோமீட்டர் நடந்து தொடங்கிய இடத்தையே அடைவதுதான் வலம். 'சுற்றுப்பயணம்' என்ற தமிழாக்கம் அந்த வகையில் மிகப் பொருத்தமானது. நீதிபதிகளும் ஆட்சியர்களும் ஊர் ஊராகச் சுற்றி வந்த காலத்தின் நினைவாகத்தான் 'சர்க்யூட் ஹவுஸ்' என்ற பெயரும் நிலைத்தது.

அரசுப் பணியில் 'ஆன் டூர்' என்று எழுதுவதற்குக் கறாரான எல்லை உண்டு. மத்திய அரசின் பயணப்படி விதிகளில், பணியிடத்திலிருந்து 8 கிலோமீட்டர் சுற்றளவைத் தாண்டாத நாளுக்குத் தினப்படி கிடையாது. திருவண்ணாமலை நகரில் பணியாற்றும் ஒரு மத்திய அரசு ஊழியர் ஆய்வுக்காக அடி அண்ணாமலைக்கு வந்து, வெயிலில் நாள் முழுவதும் நின்றாலும் தினப்படி கேட்க முடியாது. அவர் செய்தது 'ஃபீல்டு விசிட்'; தினப்படிக்கு உரிய 'டூர்' அன்று.

தனியார் நிறுவனத்தில், குறிப்பாக அயல்நாட்டு மேலாளருக்கு எழுதும்போது, 'ஐ ஆம் ஆன் டூர்' என்று எழுதாதிருப்பதே நல்லது. சுற்றுலா போயிருக்கிறார் என்றோ, இசைக்குழுவோடு ஊர் ஊராகப் போகிறார் என்றோதான் அவர் புரிந்துகொள்வார். மூன்று ஊர்களில் மூன்று வாடிக்கையாளர்களைப் பார்க்கப் போவதாக இருந்தால், 'டிராவலிங் ஃபார் ஒர்க்' என்று தொடங்கி ஊர்ப் பெயர்களையும் நாட்களையும் சொல்லிவிடலாம்.

'கம்யூட்': வீட்டுக்கும் வேலைக்கும் நடுவே

வீட்டிலிருந்து பணியிடத்துக்கு வழக்கமாகச் சென்று திரும்புவது 'கம்யூட்'. மாற்றிக்கொள்ளுதல் என்ற பொருளுடைய இலத்தீன் சொல் இதற்கு மூலம். ஓய்வூதியர்களுக்கு இதன் உறவுச் சொல் நன்கு தெரியும்: ஓய்வூதியத்தின் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து மொத்தத் தொகையாக மாற்றிப் பெறுவதுதான் 'கம்யூட்டேஷன்'. மரண தண்டனையை ஆயுள் தண்டனையாகக் குறைப்பதையும் இதே சொல்லால் குறிப்பர். 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்க ரயில் நிறுவனங்கள், நாள்தோறும் கட்டணம் செலுத்துவதை ஒரே சலுகைத் தொகையாக மாற்றித் தந்த சீட்டுக்கு 'கம்யூட்டேஷன் டிக்கெட்' என்று பெயர். நாம் 'சீசன் டிக்கெட்' என்று சொல்வதுதான் அது. அந்தச் சீட்டை வைத்திருந்தவர் 'கம்யூட்டர்' ஆனார். அவர் செய்தது 'கம்யூட்' ஆனது.

இச்சொல்லின் உயிர், வழக்கமாக என்பதில் இருக்கிறது. சென்னைக் கடற்கரையிலிருந்து வேலூர் கண்டோன்மென்ட் வரை ஓடிய ரயில் 2024 மே மாதம் திருவண்ணாமலை வரை நீட்டிக்கப்பட்டது. அதில் எப்போதாவது தலைமை அலுவலகக் கூட்டத்துக்குப் போகிறவர் செய்வது 'டிரிப்'. கீழ்ப்பென்னாத்தூரிலிருந்து நாள்தோறும் திருவண்ணாமலைக்கு வேலைக்கு வருகிறவர் செய்வது 'கம்யூட்'. 'டெய்லி அப் அண்ட் டவுன்' என்று நாம் சொல்வதை இந்த ஒரே சொல் சொல்லிவிடும்.

சட்டமும் பணமும் மிகுதியாகச் சம்பந்தப்பட்ட சொல்லும் இதுதான். வீட்டிலிருந்து வேலைக்குச் செல்வது பொதுவாக ஊழியரின் சொந்தப் பொறுப்பு என்பதே பழைய அணுகுமுறை. தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டத்தில் 2010-இல் சேர்க்கப்பட்ட 51-இ பிரிவு அதை மாற்றியது. வீட்டிலிருந்து பணிக்கு வரும்போதோ பணி முடித்துத் திரும்பும்போதோ நேரும் விபத்தும், அதன் சூழலுக்கும் நேரத்துக்கும் இடத்துக்கும் வேலையோடு தொடர்பு இருந்தால், பணியால் நேர்ந்த விபத்தாகக் கொள்ளப்படும் என்று அது கூறியது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம், 1923-ஆம் ஆண்டின் ஊழியர் இழப்பீட்டுச் சட்டத்துக்கும் இவ்வாறே பொருள்கொள்ள வேண்டும் என்று தீர்ப்பளித்தது. சர்க்கரை ஆலைக் காவலாளி ஒருவர் பணிக்குச் செல்லும் வழியில் உயிரிழந்த வழக்கு அது.

ஆகவே 'கம்யூட்' என்று எழுதுவது உரிமையைக் கைவிடுவதாகாது. ஆனால் பணியோடு உள்ள தொடர்பை எழுதியாக வேண்டும். தனியார் காப்பீட்டு ஒப்பந்தங்கள் பலவற்றில் 'கம்யூட்' ஒரு வரியிலும் 'பிசினஸ் டிரிப்' இன்னொரு வரியிலும் இருக்கும். ஒன்றுக்கு இழப்பீடு உண்டு, மற்றொன்றுக்கு இல்லை என்றும் இருக்கலாம். படிவத்தை நிரப்புமுன் அந்த இரண்டு வரிகளையும் படித்துவிட வேண்டும். வழக்கமான பணியிடத்துக்குச் செல்லாமல், மேலாளர் சொன்ன வேறோர் இடத்துக்கு வீட்டிலிருந்தே நேராகச் சென்றால் அது 'கம்யூட்' அன்று. புறப்பட்ட இடம் வீடு என்பதால் அது சொந்தப் பயணமும் ஆகிவிடாது. பக்கத்துத் தெரு இளைஞர் சறுக்கிய இடம் இதுவே.

நமக்கு மட்டும் புரியும் ஆங்கிலம்

நம் அலுவலக ஆங்கிலத்தில் வெளியுலகுக்குப் புரியாத சில சொற்கள் உண்டு. அவை பிழை அல்ல, வரலாற்றின் எச்சம். 'அவுட் ஆஃப் ஸ்டேஷன்' என்பதில் வரும் 'ஸ்டேஷன்' ரயில் நிலையம் அன்று. வெள்ளைக்கார அதிகாரிகள் பணியமர்த்தப்பட்ட ஊர். அவர் அந்த ஊரை விட்டு வெளியே சென்றால் 'அவுட் ஆஃப் ஸ்டேஷன்'. அயல்நாட்டவருக்கு எழுதும்போது 'அவுட் ஆஃப் டவுன்' அல்லது 'அவே ஆன் பிசினஸ்' என்பது தெளிவு.

'ஓ.டி.' என்று கல்லூரிகளிலும் நிறுவனங்களிலும் வருகைப்பதிவில் குறிப்பது 'ஆன் டியூட்டி'யின் சுருக்கம். ஆங்கிலம் தாய்மொழியான நாடுகளில் அந்த இரண்டு எழுத்துகள் அளவுக்கு மீறி மருந்தோ போதைப்பொருளோ உட்கொண்டதைக் குறிக்கும். சுருக்காமல் எழுதுவதே பாதுகாப்பு.

'டெபுடேஷன்' என்றால் நமக்கு அயற்பணி, வேறொரு துறைக்குத் தற்காலிகமாகச் செல்வது. பிரிட்டனில் அது ஒரு தரப்பின் சார்பாகப் பேசச் செல்லும் தூதுக்குழு. அயற்பணிக்கு அங்கே 'செகண்ட்மென்ட்' என்று பெயர். பணியிடமே நிரந்தரமாக மாறினால் 'டிரான்ஸ்ஃபர்'. குடும்பமும் பொருள்களும் வேறு ஊருக்குக் குடிபெயர்வது 'ரீலொகேஷன்'. பணியிட மாறுதலால் வீடு மாற்றுகிறவர் அதை 'டிரிப்' என்று எழுதினால், வண்டிக்கூலி கேட்கும் வழி அடைபடும். தகவல்தொழில்நுட்பத் துறையில் 'ஆன்சைட்' என்றால் அயல்நாடு என்று நாம் புரிந்துகொள்கிறோம். மற்றவர்களுக்கு அது வேலை நடக்கும் இடம் மட்டுமே, அடுத்த தெருவிலும் இருக்கலாம்.

வாடகைக் கார் ரசீதில் காணும் 'பேட்டா'வுக்குச் செருப்புக் கடையோடு உறவு இல்லை. கிழக்கிந்தியக் கம்பெனி தன் படையினருக்குக் களத்தில் இருக்கும்போது தந்த கூடுதல் படியின் பெயர் அது. 1766-இல் இராபர்ட் கிளைவ் வங்காளத்தில் இரட்டைப் பேட்டாவை நிறுத்தியபோது வெள்ளைக்கார அதிகாரிகளே கிளர்ச்சி செய்தார்கள். அந்தச் சொல் இன்று ஓட்டுநர்களிடம் வந்து சேர்ந்திருக்கிறது. வெளிநாட்டு நிறுவனத்துக்குக் கணக்கு அனுப்பும்போது 'டிரைவர் அலவன்ஸ்' என்று எழுத வேண்டும். ஊழியருக்கு நாளொன்றுக்கு இவ்வளவு என்று தரப்படுவது 'பெர் டீம்' அல்லது 'டெய்லி அலவன்ஸ்'. செலவழித்த தொகையை ரசீது காட்டித் திரும்பப் பெறுவது 'ரீஇம்பர்ஸ்மென்ட்'. முன்னதற்குப் பெரும்பாலும் ரசீது வேண்டியதில்லை, பின்னதற்கு வேண்டும். இரண்டையும் குழப்பி, ரசீதுகளைத் தூக்கி எறிந்துவிட்டுத் தவித்தவர்களை அறிவேன்.

'விசிட்' என்று ஏமாற்றும் விசா

ஒரு சொல்லால் வாழ்க்கையே தடம் மாறும் இடம் விமான நிலையம். எங்கள் மாவட்டத்து இளைஞர்கள் பலர் வளைகுடா நாடுகளுக்கும் சிங்கப்பூர், மலேசியாவுக்கும் வேலைக்குச் செல்கிறார்கள். வருகையின் நோக்கம் என்ன என்று படிவமும் அதிகாரியும் கேட்கும்போது, அங்கே மூன்று சொற்கள் மூன்று கதவுகள்: 'விசிட்' அல்லது 'டூரிசம்', 'பிசினஸ்', 'எம்ப்ளாய்மென்ட்'.

'பிசினஸ்' என்பது கூட்டத்தில் கலந்துகொள்ளுதல், ஒப்பந்தம் பேசுதல், மாநாட்டுக்குச் செல்லுதல் போன்றவை. சம்பளம் தருவது சொந்த நாட்டு நிறுவனமாகவே இருக்கும். அமெரிக்காவின் பி-1 விசா இத்தகையது. அதில் சென்று அங்கே வேலை பார்க்க முடியாது. ஒரு வாரக் கூட்டத்துக்குச் சென்றவர், தமிழில் 'வேலையாக வந்திருக்கிறேன்' என்று நினைத்துக்கொண்டு 'ஃபார் ஒர்க்' என்று பதில் சொன்னால், அதிகாரி அதை அங்கே வேலைக்குச் சேர வந்ததாகவே கொள்வார். 'பிசினஸ் மீட்டிங்ஸ்' என்ற இரண்டு சொற்கள் அவரை அந்தத் தொல்லையிலிருந்து காப்பாற்றும்.

இதன் மறுபக்கம் இன்னும் கொடியது. இந்தியக் குடிபெயர்வுச் சட்டம் 1983-இன்படி, பத்தாம் வகுப்புத் தேறாதவர்கள் உள்ளிட்டோரின் கடவுச்சீட்டில் குடிபெயர்வுச் சோதனை தேவை என்ற குறிப்பு இருக்கும். அவர்கள் வளைகுடா நாடுகள், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்ல, குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தின் அனுமதி தேவை. ஒப்பந்தம், சம்பளம், காப்பீடு ஆகியவற்றைச் சரிபார்க்கும் பாதுகாப்பு அது. ஆனால் வேலைக்கு அல்லாமல் பார்வையாளராகச் செல்பவருக்கு அந்த அனுமதி தேவையில்லை. இந்தச் சந்து வழியாகத்தான் சில முகவர்கள் புகுகிறார்கள். 'இப்போது விசிட் விசாவில் போ, அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம்' என்பார்கள். விமானத்தில் ஏறும் இளைஞருக்கு அது வேலைக்கான பயணம். சட்டத்தின் கண்ணில் அவர் சுற்றிப் பார்க்கச் செல்லும் விருந்தாளி. சம்பளம் வராவிட்டால் காட்டுவதற்கு முறையான ஒப்பந்தம் இருக்காது. வேலை பார்த்ததே அந்நாட்டில் குற்றமாகிவிடும். விசாவில் அச்சிட்டிருக்கும் ஒரே ஒரு சொல்லைப் படிக்கத் தெரிந்தால் தவிர்க்கக்கூடிய துயரம் இது. 'எம்ப்ளாய்மென்ட்' என்றோ 'ஒர்க்' என்றோ இல்லாத விசாவை வேலை விசா என்று எவர் சொன்னாலும் நம்பக் கூடாது.

எழுதுமுன் மூன்று கேள்விகள்

திண்ணைக்கு வருகிறவர்களிடம் இப்போதெல்லாம் ஆங்கிலச் சொல்லை நான் உடனே சொல்வதில்லை. தமிழிலேயே மூன்று கேள்விகள் கேட்கிறேன். உன்னை அனுப்பியது யார்? எத்தனை நாளில், எந்த ஊருக்குத் திரும்புகிறாய்? அங்கே உனக்குச் சம்பளம் தருவது யார்?

அனுப்பியது நிறுவனம், சில நாளில் திரும்புகிறேன், சம்பளம் இங்கேதான் என்றால் 'பிசினஸ் டிரிப்'. யாரும் தனியாக அனுப்பவில்லை, வழக்கமான வேலைக்கு வீட்டிலிருந்து போய் வருகிறேன் என்றால் 'கம்யூட்'. துறை அனுப்பியது, பல ஊர் சுற்றித் தலைமையிடம் திரும்புகிறேன் என்றால் 'அஃபிஷியல் டூர்'. சில ஆண்டுகள் வேறு துறையில் வேலை, பிறகு தாய்த்துறைக்குத் திரும்புவேன் என்றால் 'டெபுடேஷன்'. திரும்புவதே புதிய ஊருக்குத்தான் என்றால் 'டிரான்ஸ்ஃபர்'. சம்பளம் தருவது அந்நாட்டு முதலாளி என்றால் 'எம்ப்ளாய்மென்ட்'; அதற்கு 'விசிட்' என்று எவர் பெயர் வைத்தாலும் பொய். கேள்விக்கு விடை தெரிந்துவிட்டால் சொல் தானே வந்து நிற்கும். சொல்லோடு நாளையும் இடத்தையும் அனுப்பியவரின் ஆணையையும் சேர்த்து எழுதினால், படிப்பவர் தம் விருப்பத்துக்குப் பொருள்கொள்ள இடமிருக்காது.

எங்கள் ஊரில் மாணிக்கவாசகருக்குத் தனிக் கோயில் உண்டு. திருவெம்பாவையை அவர் இங்கே பாடினார் என்பது மரபு. அவர் வரலாறும் ஓர் அலுவல் பயணத்தில்தான் தொடங்குகிறது. பாண்டிய மன்னன் கருவூலப் பொருளைக் கொடுத்துக் குதிரை வாங்க அனுப்பிய அமைச்சர், திருப்பெருந்துறையில் குருவைக் கண்டு, கொண்டுபோன பொருளைக் கோயில் பணிக்குச் செலவிட்டார் என்பது புராணம். மன்னனின் கணக்கில் அது முன்பணம் பெற்றுச் சென்ற 'அஃபிஷியல் டிரிப்'. அமைச்சரின் உள்ளத்தில் அது வேறொரு பயணமாக மாறிவிட்டது. ஒரே பயணத்துக்கு இருவர் இரு பெயர் வைத்ததால், தண்டனை வரை போனது. அவரைக் காக்க இறைவனே குதிரைச் சேவகனாக வந்தான் என்கிறது கதை. நம் காலத்துக் கோரிக்கைப் படிவங்களுக்கு அப்படி யாரும் வர மாட்டார்கள்.

அந்த இளைஞருக்காக நாங்கள் புதிய கடிதம் எழுதினோம். 'நேட்டிவ்' என்ற சொல்லை எடுத்துவிட்டு, மேலாளரின் ஆணைப்படி வாடிக்கையாளரின் ஆலைக்கு 'பிசினஸ் டிரிப்' சென்றபோது நேர்ந்த விபத்து என்று எழுதி, மின்னஞ்சலின் படியை இணைத்தோம். புதிதாக எந்த உண்மையையும் சேர்க்கவில்லை. இருந்த உண்மைக்கு உரிய பெயரைக் கொடுத்தோம், அவ்வளவே. சில மாதங்கள் கழித்து மருத்துவச் செலவு கிடைத்தது. படுக்கையில் இருந்த நாட்களில் பாதி, சம்பளமில்லா விடுப்பாகவே கணக்கில் நின்றுவிட்டது. முதல் படிவத்திலேயே சரியான சொல் இருந்திருந்தால் அதையும் கேட்டிருக்கலாம்.

பள்ளியில் இந்தச் சொற்களை ஒரே வரியில், காற்புள்ளியிட்டுப் பட்டியலாகக் கற்பித்தவன் நான். மறுபடி வகுப்பறைக்குப் போக முடிந்தால், ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே ஒரு படிவத்தை வைத்துக் கற்பிப்பேன்.